புதுப்பிப்பு: பாப்பாவுக்கு ஒத்துக்கொள்ளும் பால் பவுடர் கிடைத்துவிட்டது

மூன்று மாதப் பாப்பா பால் குடித்ததும் வில்லாக வளைந்து அழுகிறாள், மலத்தில் சளியும் ரத்தக் கீற்றும் தெரிகிறது, எந்தப் பவுடர் மாற்றலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் லாக்டோஸ் (பாலில் இருக்கும் சர்க்கரை) இல்லாத பவுடரைச் சொன்னீர்கள். வாங்கிக் கொடுத்தேன், பலன் இல்லை. குழந்தை மருத்துவர் சொன்ன பிறகுதான் காரணம் புரிந்தது: சிக்கல் பாலின் சர்க்கரையில் இல்லை, பசும்பால் புரதத்தில். லாக்டோஸை எடுத்தாலும் புரதம் அப்படியே இருக்குமே! ஆட்டுப்பால் பவுடரும் வேண்டாம் என்றார். அதன் புரதமும் ஏறக்குறைய இதே மாதிரிதானாம்.

இப்போது கொடுப்பது, புரதத்தை நுண்ணிய துண்டுகளாக உடைத்துத் தயாரித்த பவுடர். ஒரே கசப்பு. வாடையைச் சொல்லவே வேண்டாம். முதல் இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அப்புறம் பழகிவிட்டது. ரத்தம் ஒரு வாரத்தில் நின்றது. அழுகை அடங்க மூன்று வாரம் ஆனது. நடுவில் மலம் பச்சையாகப் போனதும் பதறிவிட்டேன். இந்த வகைப் பவுடருக்கு அது சகஜமாம்.

அடுத்து, ஒவ்வாமைதானா என்று உறுதிசெய்ய, மருத்துவர் மேற்பார்வையில் பழைய பவுடரைக் கொஞ்சம் கொடுத்துப் பார்க்க வேண்டும். நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.