மறு: பேண்ட் லைகேஷன் – ‘சிரைக்கட்டு’ பொருந்துமா?

> லைகேஷன் என்றால் கட்டுதல்தானே? ‘சிரைக்கட்டு’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஐயா, வணக்கம். அகராதிப்படி சரிதான். நோயாளிகளுக்கான கையேட்டு வரைவில் நானும் ‘சிரைக்கட்டு போடப்பட்டது’ என்றுதான் எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த பெரியவர் கேட்ட முதல் கேள்வி: “கட்டை எப்போ பிரிப்பாங்க?”

பிரிக்க அங்கே ஒன்றுமில்லை. பேண்ட் லைகேஷனில், உணவுக்குழாயில் புடைத்து நிற்கும் சிரையை எண்டோஸ்கோப் (வாய் வழியாக விடும் கேமராக் குழாய்) முனையில் மாட்டிய தொப்பிக்குள் ஒரு குமிழாக உறிஞ்சி இழுப்பார்கள். கைப்பிடியைத் திருகியதும் தொப்பியின் விளிம்பில் விரித்து மாட்டியிருந்த ரப்பர் வளையம் நழுவி, அந்தக் குமிழின் அடியில் இறுகிக்கொள்ளும். இரத்த ஓட்டம் அற்றுக் குமிழ் செத்து, சில நாட்களில் வளையத்தோடு உதிரும். அங்கே ஒரு புண் மிஞ்சும். சிலருக்கு அந்தப் புண்ணிலிருந்தே மறுபடி இரத்தம் வரும். ஆகவே வீட்டுக்குப் போகிறவருக்குப் புரிய வேண்டியது கட்டு அல்ல, உதிர்வு.

> ‘சிரைச் சுருக்கு’ எப்படி?

அழகான சொல். ஆனால் இதே நோயாளிக்கு டெர்லிப்ரெசின் ஊசியும் போடுவார்கள். இரத்தக்குழாய்களைச் சுருங்கச் செய்வதுதான் அதன் வேலை. ஒரே தாளில் மருந்தின் சுருக்கமும் வளையத்தின் சுருக்கும் வந்தால் செவிலியரே குழம்புவார். ‘வளைய நெரிப்பு’ இன்னும் துல்லியம்தான், ஆனால் தொண்டை வழியாகச் செய்யும் சிகிச்சைக்கு நெரிப்பு என்று பெயர் வைத்தால் யார் வாயைத் திறப்பார்?

என் வாக்கு ‘வளையமிடல்’. வினையாகவும் ஓடுகிறது: வளையமிட்டார்கள், வளையம் உதிர்ந்தது. வார்டில் எல்லாரும் ‘பேண்டிங்’ என்றுதான் சொல்வார்கள், சொல்லட்டும்.

இன்னொன்று. அல்சர் இரத்தப்போக்குக்குப் போடும் கிளிப்பைப் பட்டியலில் ‘இடுக்கி’ என்று போட்டிருக்கிறீர்கள். இடுக்கி பிடித்த வேலை முடிந்ததும் வெளியே வந்துவிடும். கிளிப் அப்படியல்ல, இரத்தக்குழாயைக் கவ்வியபடி உள்ளேயே தங்கி, பெரும்பாலும் சில வாரங்களில் தானே கழன்று மலத்தோடு போகும். உலோகம் என்பதால் எம்ஆர்ஐ எடுக்குமுன் அது இருப்பதைச் சொல்லியாக வேண்டும். அதனால் ‘கவ்வி’ என்று வைக்கலாம். “வயித்துல கவ்வி இருக்கு” என்று நோயாளி சொல்லிவிடுவார். ‘இடுக்கி இருக்கு’ என்றால் கேட்பவர் பதறுவார்!

அல்சர் இரத்தப்போக்குக்கு ஃபாரஸ்ட் என்ற மருத்துவர் 1974இல் வகுத்த தரப்பகுப்பில் ‘பீறிடல்’, ‘கசிவு’ இரண்டிலும் சிக்கலில்லை. இரத்தம் நின்றபின் புண்ணின் அடியில் சிறு முளைபோலத் துருத்தித் தெரியும் இரத்தக்குழாய்க்குத்தான் சொல் அகப்படவில்லை. ‘தெரிகுழாய்’ என்று தோன்றியது. உங்களுக்கு எப்படிப் படுகிறது?

அன்புடன்