காலம் காட்டாத செயற்கூறு: 'வருவிடை' பொருந்துமா?

வணக்கம்.

ஐயா, விடையை உடனேயும் தரக்கூடிய, பிறகும் தரக்கூடிய செயற்கூறுகளுக்கு (ஃபங்ஷன், நிரலில் பெயர் சொல்லி அழைத்து வேலை வாங்கும் பகுதி) நீங்கள் முன்வைத்த 'இருநிலைச் செயற்கூறு' என்ற சொல் முதலில் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. இரண்டு நாள் அதை வைத்து எழுதிப் பார்த்தேன், ஓரிடத்தில் இடறுகிறது. (எழில் என்ற தமிழ் நிரல்மொழியைப் பின்பற்றிச் செயற்கூற்றை 'நிரல்பாகம்' என்பவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளலாம். அந்தச் சண்டை இன்றைக்கு வேண்டாம்.)

முதலில் பழைய சொற்கள். ஒத்தியங்கு (சிங்க்ரனஸ்), ஒத்தியங்கா (அசிங்க்ரனஸ், சுருக்கமாக அசிங்க்) என்ற இணை மின்சுற்றுக்கு நன்றாகவே பொருந்தும். அங்கே எல்லா உறுப்புகளும் ஒரே கடிகாரத் துடிப்புக்கு ஒத்து இயங்குகின்றன, அல்லது இயங்குவதில்லை. நிரலில் கதை தலைகீழ். சாதாரணச் செயற்கூற்றை அழைத்தால், அது முடியும்வரை அழைத்தவர் கைகட்டி நிற்கிறார். இதில் யார் யாரோடு ஒத்து இயங்குகிறார்கள்? உண்மையில் இரண்டு வேலைகள் அக்கம்பக்கமாக நடப்பது 'ஒத்தியங்கா' என்று நாம் பெயர் வைத்த இடத்தில்தான். புதிதாகப் படிக்க வருபவர் சொல்லை நம்பினால் பொருளைத் தவறாகப் புரிந்துகொள்வார். அதற்காக ஒலிபெயர்த்து 'அசிங்க்' என்று எழுதவும் மனம் வரவில்லை. ஓரெழுத்து கூடினால் என்னவாகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

அழைத்தவர் கேட்பது ஒன்றுதான்: விடை கைக்கு வந்துவிட்டதா, இனிமேல்தான் வருமா? இந்தக் கேள்விக்கு இரண்டு விதமாகவும் பதில் சொல்லக்கூடிய செயற்கூறுகளை ஒரே முறையில் கையாள்வதற்குத்தான் நாம் சொல் தேடுகிறோம்.

இனி 'இருநிலை'யின் சிக்கல். சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு செயற்கூறு எழுதினேன். கேட்ட தகவல் கேஷில் (முன்பு எடுத்ததைச் சேர்த்துவைக்கும் இடம்) இருந்தால் கால்பேக்கை (விடை வந்ததும் ஓடுவதற்காக நாம் கொடுத்துவைக்கும் செயற்கூறு) அந்த நொடியே அழைக்கும். இல்லையென்றால் தரவுத்தளத்துக்குப் போய் வந்து பிறகு அழைக்கும். சோதனையில் கேஷ் எப்போதும் காலி, ஆகவே எல்லாம் சரியாக ஓடியது. பயன்பாட்டுக்குப் போனதும் கேஷ் நிரம்பியது. அழைப்புக்கு அடுத்த வரியில் நான் தயார் செய்திருந்த மாறி, கால்பேக் ஓடும்போது இன்னும் பிறக்கவே இல்லை. ஒரு வாரம் தேடினேன். அந்தச் செயற்கூற்றுக்குத்தான் 'இருநிலை' என்ற பெயர் அப்படியே பொருந்துகிறது. இன்னும் சரியாகச் சொன்னால் 'இருமனச் செயற்கூறு'. நமக்கு வேண்டியது இதற்கு நேரெதிரானது. உள்ளே எது நடந்தாலும் அழைப்பவருக்கு ஒரே முகம் காட்ட வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்ட் இதை எப்படிச் செய்கிறது என்று பாருங்கள். அவெய்ட் என்பது விடை வரும்வரை காத்திருக்கச் சொல்லும் கட்டளை. வெறும் 5 என்ற எண்ணை அவெய்ட் செய்தாலும் 5 கிடைக்கும், பிழை வராது. ஆனால் அடுத்த வரி உடனே ஓடாது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல் முடிந்து, வரிசையில் தன் முறை வந்த பிறகே ஓடும். வந்துவிட்ட விடையையும் 'வரப்போகும் விடை' போலவே நடத்துவதால் வரிசை என்றும் மாறுவதில்லை. பைத்தானில் அதே 5-ஐ அவெய்ட் செய்தால் டைப்எரர் என்ற பிழை முகத்தில் அடிக்கும். அங்கே காத்திருக்கத் தக்கதா என்று நாமே முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வழியும் உண்டு. செயற்கூறுகளைச் சிவப்பு (ஒத்தியங்கா), நீலம் (சாதாரணம்) என்று பிரித்து, சிவப்பைச் சிவப்புக்குள்ளிருந்துதான் அழைக்க முடியும் என்ற தொல்லையை 2015-இல் நிரலாளர் பாப் நைஸ்ட்ரம் எழுதியது உங்களுக்கு நினைவிருக்கும். கோ மொழியில் அந்த நிறமே கிடையாது. 2023-இல் வந்த ஜாவா 21-இன் மெய்நிகர் இழைகளும் (அக்கம்பக்கமாக ஓடும் இலகுவான வேலைத்தொடர்கள்) அந்த வழிதான்; காத்திருக்கும் வேலையை இயக்கச் சூழலே ஏற்றுக்கொள்கிறது. குழுவில் ஒருவர் சொன்ன 'நிறமிலி' இதற்குச் சரி. ஜாவாஸ்கிரிப்டுக்கு அதைச் சூட்டினால் பொய்யாகிவிடும், அங்கே நிறம் அழியவில்லை.

என் முன்மொழிவு இலக்கணத்திலிருந்து வருகிறது. வினைத்தொகையை நன்னூல் 'காலம் கரந்த பெயரெச்சம்' என்கிறது. வளர்பிறை என்றால் வளர்ந்த, வளர்கின்ற, வளரும் பிறை. மூன்று காலமும் உள்ளே ஒளிந்திருக்கும், வெளியே தெரியாது. நமக்குத் தேவையானதும் இதுவேதான். ஆகவே 'வருவிடை': வந்த விடை, வருகின்ற விடை, வரும் விடை. வருபுனல் போல. எந்தக் காலத்து விடையானாலும் வருவிடையாகவே திருப்பித் தருவது 'வருவிடைச் செயற்கூறு'. பெயர் செயற்கூற்றின் உள்வேலையை விட்டு அது தரும் பொருளின் மேல் உட்காருவது எனக்கு வசதியாகப் படுகிறது. பிராமிஸ் (ஜாவாஸ்கிரிப்டில் விடையைத் தாங்கிவரும் பொருள்) என்பதற்கு வழங்கும் 'வாக்குறுதி' இனி வரப்போவதை மட்டுமே சொல்கிறது. கையில் இருக்கும் 5-ஐ யாரும் வாக்குறுதி என்று அழைக்க மாட்டார்கள்.

அவெய்ட்டுக்கு 'விடைபெறு' என்று வைத்தால் என்ன? சிரிக்காதீர்கள். அந்த வரியில் செயற்கூறு கட்டுப்பாட்டை விட்டுவிட்டு வெளியேறுகிறது, அதாவது விடைபெற்றுக்கொள்கிறது. திரும்பி வரும்போது விடையைப் பெற்று வருகிறது. சொல்லின் இரண்டு பொருளும் வேலை செய்கின்றன.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: "கேஷில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது வருவிடையே தரும், விடைபெற்ற பிறகு பயன்படுத்துக." படிக்க முடிகிறது என்றே நினைக்கிறேன்.

ஓர் இடத்தில் மட்டும் எனக்கே நிறைவில்லை. ஒரே அழைப்புக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பல விடைகள் வந்துகொண்டே இருக்கும் ஓடைகளுக்கு 'வருவிடைகள்' என்றால் எல்லாம் ஒரே மூட்டையாக வருவது போலத் தொனிக்கிறது. 'தொடர்விடை' என்று தனியே பிரிக்கலாமா, ஐயா?