அப்பாவின் கருப்பட்டிக் காப்பி

தண்டையார்பேட்டையிலிருந்து:

என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது 68. சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்றே வீட்டிலிருந்த சர்க்கரை டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். அந்த இடத்துக்குக் கருப்பட்டி வந்தது. பனை மரம் கொடுத்தது, உடம்பை ஒன்றும் செய்யாது என்பது அவர் வாதம். ஊர்க்காரர் ஒருவர் தூத்துக்குடியிலிருந்து ஓலைக் கொட்டானில் அனுப்பிவைப்பார். விடியற்காலையில் குழவியால் அதை உடைக்கும் சத்தத்தில்தான் வீடே விழிக்கும். கரைத்து வடிகட்டி, துணியில் தங்கிய மண்ணை என்னிடம் நீட்டி, "பார், கலப்படமே இல்லை" என்பார். சர்க்கரை போட்டு நாளைக்கு இரண்டு டம்ளர் காப்பி குடித்தவர், கருப்பட்டிக்கு மாறியபின் ஐந்து டம்ளருக்குப் போய்விட்டார். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 7.2 இலிருந்து 8.6 ஆனது.

மருத்துவர் திட்டவில்லை. ஒரு டம்ளருக்கு எவ்வளவு போடுகிறீர்கள் என்று மட்டும் கேட்டார். அப்பா உள்ளங்கையைக் குவித்துக் காட்டினார். வெள்ளைச் சர்க்கரை என்பது சுக்ரோஸ். கருப்பட்டி, வெல்லம், நாட்டுச் சர்க்கரை எல்லாவற்றிலும் பெரும்பங்கு அதுதான் என்றார் மருத்துவர். சுக்ரோஸில் ஒட்டிக்கொண்டிருக்கும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் தேனில் தனித்தனியாக இருக்கின்றன, அவ்வளவே வித்தியாசமாம். வீடு வந்து சேரும்வரை அப்பா பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. இனி அவருக்கு என்ன கொடுப்பது? மாற்று இனிப்பு பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

ராயபுரத்திலிருந்து:

அண்ணா, என் மாமியாருக்காகப் பொங்கலன்று அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்புத் தூள் போட்டுப் பால் பாயசம் வைத்தேன். பாலோடு சேர்த்து அரை மணி நேரம் கொதிக்கவிட்டேன். வாயில் வைத்தால் சேமியா போட்ட வெறும் பால்! அது இரண்டு அமினோ அமிலங்கள் சேர்ந்து உண்டான பொருள், நெடுநேரம் சூடு பட்டால் உடைந்து இனிப்பை இழந்துவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. பாயசத்தை இறக்கிய பிறகு கலந்திருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு சுக்ரலோஸ் வாங்கினேன். அது சூட்டைத் தாங்கியது. துணிச்சல் வந்து மைசூர்பாகு கிளறினேன். அங்கேதான் கெட்டது. சர்க்கரையைப்போல் 600 மடங்கு இனிப்பு அது. ஒரு கிலோ சர்க்கரை போட வேண்டிய இடத்தில் இரண்டு கிராம்கூடத் தேவையில்லை. இரண்டு கிராமை வைத்துக்கொண்டு கம்பிப் பதத்துக்கு எங்கே போவது? கடைசியில் நெய் மிதக்கும் கடலை மாவைக் கிண்ணத்தில் போட்டுக் கரண்டியால் சாப்பிட்டோம். மாமியார் மட்டும் நன்றாக இருக்கிறது என்றார், புண்ணியவதி.

பெரம்பூரிலிருந்து:

மொட்டை மாடியில் சீனித்துளசி, அதாவது ஸ்டீவியா, வைத்திருக்கிறேன். பராகுவே பக்கத்துச் செடி. நம் வெயிலில் மதியம் துவண்டு, மாலையில் தண்ணீர் ஊற்றியதும் எழுந்துகொள்கிறது. இலையை மென்றால் முதலில் நல்ல இனிப்பு, பின்னாலேயே அதிமதுரம் சுவைத்ததுபோல் நாக்கில் ஒரு கசப்பு. தேநீருக்கு இரண்டு இலை எனக்குப் போதும். என் மனைவி அதைக் கஷாயம் என்கிறார்.

அதே செடியின் பெயரில் கடையில் வெள்ளைப் பொடியும் வாங்கினேன். பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தால் முதல் சரக்கே டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ்! இலைச் சாறு கடைசி வரியில். உறையில் அச்சடித்த பச்சை இலைக்குத்தான் காசு வாங்கியிருக்கிறார்கள். இன்னொன்று: உடல் எடையைக் கட்டுப்படுத்த இந்த இனிப்பூட்டிகள் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் பரிந்துரைத்தபோது, சாக்கரின், அஸ்பார்டேம் இருக்கும் பட்டியலில்தான் சீனித்துளசியையும் சேர்த்திருந்தது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை இல்லை என்பதையும் அண்ணாவுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

திருவொற்றியூரிலிருந்து:

சர்க்கரை இல்லாத இனிப்பு என்று ஒரு கடையில் பர்பி வாங்கி, சர்க்கரைதான் இல்லையே என்று எட்டுத் துண்டு தின்றேன். மால்டிடால் என்ற மாற்று இனிப்பு சேர்த்தது. குடல் அதை முழுவதும் உறிஞ்சிக்கொள்ளாதாம். அன்றிரவு நான் பட்டதை விரிவாக எழுத முடியாது. அதிலும் சர்க்கரையில் இருப்பதில் பாதியளவு கலோரி இருக்கிறது என்பது கூடுதல் எரிச்சல்.

வியாசர்பாடியிலிருந்து:

2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அஸ்பார்டேமைப் புற்றுநோய்க்கு வாய்ப்புள்ள 2பி பிரிவில் சேர்த்த செய்தியைப் படித்து, என் அக்கா அஸ்பார்டேம் மாத்திரை டப்பாவைக் குப்பையில் வீசிவிட்டார். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பு அப்படியே தொடரும் என்றும் அதே வேளையில் அந்த நிறுவனத்தின் இன்னொரு நிபுணர் குழு அறிவித்தது. அது யார் கண்ணிலும் படவில்லை. டப்பாவை எடுத்துப் பார்த்தேன், ஒரு மாத்திரையில் 18 மில்லிகிராம். அக்கா 60 கிலோ. வரம்பைத் தாண்ட அவர் தினமும் 130 மாத்திரைக்கு மேல் போட வேண்டும். கணக்கைச் சொன்னேன். கேட்டுவிட்டு வெல்லத்துக்கு மாறிவிட்டார்.

தண்டையார்பேட்டையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. மருத்துவரைக் கேட்டுக்கொண்டு சுக்ரலோஸ் வாங்கினோம். அப்பா ஒரு மிடறு குடித்து, "கடையில் வாங்கிய பாசம்போல் இருக்கிறது" என்று வைத்துவிட்டார். இப்போது எதுவும் போடாத காப்பி, காலையும் மாலையும் அரை டம்ளர். கருப்பட்டிக் கொட்டானை அம்மா பீரோவில் பூட்டிவிட்டார். ஆனால் நேற்று ஆணியில் தொங்கிய அப்பாவின் சட்டையில், பைக்கு நேராக எறும்பு வரிசை ஏறிக்கொண்டிருந்தது.