பனிப்பாளத்துக்கு அடியில் எரிமலை வெடித்தால் நெருப்பு அணைந்துவிடாதா?

கேள்வி (பள்ளி ஆசிரியை, தேவகோட்டை):
ஒன்பதாம் வகுப்பில் எரிமலைப் பாடம் நடத்தியபோது, "அத்தனை பனிக்கட்டி மேலே கிடக்கையில் நெருப்பு அணைந்துவிடாதா?" என்று ஒரு மாணவி கேட்டாள். பனியையே கண்டிராத நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை எப்படி விளக்கலாம்? அப்படி வெடித்த மலைகளின் வரலாற்றையும் தெரிந்தவர்கள் எழுதினால் நல்லது.

பதில் 1 (ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர், காரைக்குடி):
ஆச்சிக்கு வணக்கம். அணையாது. ஏறத்தாழ 1,100 முதல் 1,200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் மேலே வரும் பாறைக்குழம்பு, தன் கன அளவைப் போலப் பத்து மடங்குக்கும் மேற்பட்ட பனிக்கட்டியை உருக்க வல்லது. உருகிய நீர் பட்டவுடன் குழம்பு கண்ணாடித் துகள்களாக நொறுங்குகிறது. அதன் வெப்பமோ பனிக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறது. மேலே பனி தடிமனாக உள்ளவரை அதன் அழுத்தம் வெடிப்பை அடக்கி வைக்கும். கூரை மெலிந்த பிறகுதான் நீராவியும் சாம்பலும் பீறிட்டுக் கிளம்பும்.

ஐஸ்லாந்தின் வட்னாயோகுல் பனிப்பாளத்தின் கீழ் 1996 செப்டம்பர் 30 அன்று வெடிப்பு தொடங்கியது. ஐந்நூறு மீட்டருக்கும் மேல் தடித்த பனியை அது இரண்டு நாளுக்குள் துளைத்துவிட்டது. ஆனால் உருகிய நீர் உடனே வெளியே வரவில்லை. கிரிம்ஸ்வோட்ன் என்னும் எரிமலைவாய்க்குள், பனிக்கு அடியிலேயே, ஐந்து வாரம் தேங்கியது. நம் கண்மாயில் நீர் மிகுந்தால் கரையைத் தாண்டி வழியும் அல்லவா? அங்கே அணையாக நின்றது பனியே என்பதால், நீர் அதை மிதக்கவைத்துத் தூக்கி, அடிவழியாகப் பாய்ந்தது. நவம்பர் 5 அன்று வந்த அந்த வெள்ளம் உச்சத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 50,000 கன மீட்டரை எட்டியது. வீட்டளவு பனிப்பாறைகளை மணல்வெளியில் உருட்டிக்கொண்டு போய், நெடுஞ்சாலைப் பாலங்களைப் பெயர்த்தெறிந்தது. வளைந்து முறுகிய இரும்பு உத்தரங்கள் இன்றும் அந்தச் சாலையோரத்தில் நிற்கின்றன. வெள்ளம் வரும் என்று முன்பே கணித்துச் சாலையை மூடியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை.

பதில் 2 (வாசகர், பள்ளத்தூர்):
அண்ணன் சொன்னதோடு கொலம்பியாவையும் சேர்த்துப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1985 நவம்பர் 13 இரவு நெவாடோ டெல் ரூயிஸ் வெடித்தது. அது பெரிய வெடிப்பே அன்று; உச்சியிலிருந்த பனியில் பத்தில் ஒரு பங்குதான் உருகியது. எனினும் அந்த நீர் சாம்பலையும் மண்ணையும் வாரிக்கொண்டு சேற்று வெள்ளமாக ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் இறங்கி, இரண்டரை மணி நேரத்தில் ஆர்மேரோ நகரை மூடியது. ஏறக்குறைய 23,000 பேர் மாண்டனர். ஆபத்து வரைபடம் அதற்கு முந்தைய மாதமே வெளியாகியிருந்தும் ஊரைக் காலிசெய்யவில்லை என்பதுதான் என் மனத்தை இன்னும் அறுக்கிறது. பனி மூடிய எரிமலையில் நெருப்பைவிட நீருக்கே அதிகம் அஞ்ச வேண்டும்.

மீண்டும் ஆசிரியை:
இருவருக்கும் நன்றி. மனிதர் எழுதி வைக்காத காலத்து வெடிப்புகளை எப்படி அறிகிறார்கள்?

பதில் 3 (ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர், காரைக்குடி):
மலையின் வடிவமே காட்டிக்கொடுக்கும், ஆச்சி. ஐஸ்லாந்தின் ஹெர்துபிரெய்த் போன்ற மலைகள் செங்குத்தான பக்கங்களும் தட்டையான உச்சியும் கொண்டவை. அடிப்பகுதியில் நீருக்குள் உறைந்த தலையணை வடிவப் பாறையும், அதன்மேல் நொறுங்கிய கண்ணாடித் துகள் படிவும், உச்சியில் திறந்த வெளியில் ஓடி உறைந்த குழம்பும் இருக்கும். நீருக்குள் உறைந்தவையும் திறந்த வெளியில் உறைந்த குழம்பும் சந்திக்கும் உயரத்தைக் கொண்டு, அக்காலத்துப் பனி எவ்வளவு தடிமனாக இருந்தது என்று மதிப்பிடலாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இத்தகைய மலைகளை ஆராய்ந்து, பனிக்குள் பிறந்தவை என்று 1947இல் எழுதியவர் மேத்யூஸ் என்னும் புவியியல் அறிஞர்.

வகுப்பில் கேட்கக்கூடிய இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கடைசிப் பனியூழி முடிந்து பனிச்சுமை நீங்கியபோது, அடியிலிருந்த பாறையின் மேல் அழுத்தம் குறைந்து அது கூடுதலாக உருகியதால், ஐஸ்லாந்தில் எரிமலைகள் சில ஆயிரம் ஆண்டுகள் மிகுதியாகப் பொங்கின. இப்போதும் பனி கரைந்துவருவதால் அறிஞர்கள் இதையே கவனித்துவருகிறார்கள். ஆனால் அதன் விளைவு நாளை காலையே தெரிந்துவிடும் என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள்.