ஸ்கார்பரோ ரூஜ் ரிவர் தொகுதி எங்கே போச்சு?

வியாசர்பாடி வாசகன்:
2011ல ராதிகா சிற்சபைஈசன் ஜெயிச்சு கனடாவோட முதல் தமிழ் எம்.பி. ஆன தொகுதி ஸ்கார்பரோ ரூஜ் ரிவர், டொரன்டோ நகரத்தோட கிழக்குப் பக்கம். இப்போ பட்டியல்ல தேடினா அப்படி ஒண்ணே இல்லை. எல்லை மாறினாலும் நம்ம வடசென்னை வடசென்னையாத்தானே இருக்கு? ரூஜ் ரிவரைத் 'தமிழர் தொகுதி'ன்னு சொல்றது சரியா?

கொருக்குப்பேட்டை ரயில்கேட்:
நம்ம எம்.பி. சீட்டு எண்ணிக்கை 1971 கணக்கெடுப்போட உறைஞ்சு கிடக்கு. 2008ல கோடு மட்டும்தான் மாத்தினாங்க. கனடால 10 வருஷத்துக்கு ஒருமுறை மாகாணத்துக்கு ஒரு 3 பேர் கமிஷன் உட்கார்ந்து, கோடு, பேர் எல்லாத்தையும் புதுசாப் போடும். 2015 தேர்தலுக்கு ரூஜ் ரிவரைப் பிளந்தாங்க: மேற்குப் பக்கம் ஸ்கார்பரோ நார்த் ஆச்சு, கிழக்குப் பக்கம் தெற்கே இருந்த பகுதிகளோட சேர்ந்து ஸ்கார்பரோ ரூஜ் பார்க் ஆச்சு. 2025ல நாடு முழுக்க சீட்டு 338லேர்ந்து 343 ஆச்சு, ஆனா டொரன்டோவுக்கு 25லேர்ந்து 24 ஆச்சு. மத்த இடம் வளர்ந்த வேகத்துக்கு அது வளரலை. ரூஜ் பார்க் பக்கத்து கில்ட்வுட் தொகுதியோட சேர்ந்துடுச்சு. வடசென்னைல 2024ல வாக்காளரே 15 லட்சத்தை ஒட்டி. அங்கே ஒரு தொகுதிக்கு மக்கள்தொகையே லட்சம் சொச்சம்தான், நாலு தெரு மாறினாலே கணக்கு மாறும்.

பழைய வண்ணாரப்பேட்டை:
தமிழர் தொகுதின்னு சொல்றது தப்பு, அது லிபரல் கட்சியோட கோட்டை. 1988லேர்ந்து டெரெக் லீ வரிசையா 7 தேர்தல் ஜெயிச்சார். 2011ல அவர் நிக்கலை, லிபரல் நாடு முழுக்க 34 சீட்டுக்குச் சரிஞ்சது, ராதிகாவோட கட்சியான என்.டி.பி. (புதிய ஜனநாயகக் கட்சி) 103க்கு ஏறிச்சு. ராதிகாவுக்கு 40% பக்கம் வந்தது. மிச்ச ஓட்டு கன்சர்வேட்டிவ், லிபரல்னு உடைஞ்சதால போதுமாச்சு. 2015ல அலை திரும்பிச்சு, ஸ்கார்பரோ நார்த்ல அவங்க மூணாவது. ரூஜ் பார்க்ல லிபரல் கெரி ஆனந்தசங்கரி ஜெயிச்சார்.

2016ல அதே பேர்ல இருந்த மாகாணத் தொகுதிக்கு நடந்த இடைத்தேர்தல் இன்னும் பளிச். என்.டி.பி.ல நீதன் சண், லிபரல்ல பிரகல் திரு, ரெண்டு பேரும் தமிழர். ஜெயிச்சது கன்சர்வேட்டிவ் ரேமண்ட் சோ.

வியாசர்பாடி வாசகன்:
அப்போ தமிழ் ஓட்டுக்கு எங்கே மதிப்பு அண்ணே?

பழைய வண்ணாரப்பேட்டை:
வேட்பாளர் தேர்வுல தம்பி. அங்கே பெரும்பாலும் தொகுதிக் கட்சி உறுப்பினர்களே ஓட்டுப் போட்டு ஆளைத் தேர்ந்தெடுப்பாங்க. 14 வயசுப் பசங்களையும் சேர்க்கலாம். லிபரல் கோட்டைல உண்மையான போட்டியே அதுதான், யார் அதிக உறுப்பினர் சேர்த்தாரோ அவர் கை ஓங்கும். கடைசித் தேதி தாண்டிச் சேர்த்த பேர் செல்லாது, விலாசம் தொகுதிக்கு வெளியே இருந்தாலும் போச்சு. இதெல்லாம் தாண்டி வந்தாலும் கட்சித் தலைவர் ஒப்புதல் வேணும்.

காசிமேடு கரையோரம்:
அங்கே மத்தியத் தேர்தல் ஓட்டுச்சீட்டுல சின்னமே கிடையாது. உதயசூரியன், இரட்டை இலைன்னு தேடுறவங்க திணறிடுவாங்க. குடும்பப் பேர் அகரவரிசைல பேரும் கட்சிப் பேரும் இருக்கும், பென்சிலால குறி போடணும், கையாலதான் எண்ணுவாங்க.

ஒண்ணு கவனிங்க: 2025 ஒன்டாரியோ மாகாணத் தேர்தல் பழைய கோட்டுலதான் நடந்தது. அதனால மாகாணப் பட்டியல்ல ரூஜ் பார்க் இன்னும் இருக்கு, அங்கே கன்சர்வேட்டிவ் விஜய் தணிகாசலம். தேடும்போது மத்தியமா மாகாணமான்னு பார்த்துக்கோங்க.