பேட்டரிக் கட்டைக்குள் இருப்பவை இடம் மாறியது எப்படி? லூயிஸ் அர்ரியின் வடிவமைப்பு குறித்து ஓர் ஐயம்

நாகலூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் காப்பித் தோட்டக் காவலுக்குச் செல்லும்போது எங்கள் தாத்தா எடுத்துச் சென்ற மூன்று கட்டை டார்ச்லைட் இன்னும் வீட்டில் இருக்கிறது. சென்ற வாரம் அதைத் திறந்தபோது, உள்ளே பல ஆண்டுகளாகக் கிடந்த கட்டைகள் ஊதிப்போய், குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு வழியாகத் தட்டி எடுத்து, அவற்றில் ஒன்றை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். சிறு வயதில் கரிக்குச்சிக்காக உடைத்துப் பார்த்த அதே அமைப்புதான்: வெளியே துத்தநாகக் குவளை, அதற்குள் கறுப்புப் பொடி, நடுவே கரிக்குச்சி. குவளையின் சுவர் மட்டும் பல இடங்களில் கரையான் அரித்தது போல ஓட்டையாகிவிட்டிருந்தது.

இதைக் கடையில் இப்போது கிடைக்கும் அல்கலைன் கட்டையின் குறுக்குவெட்டுப் படத்தோடு ஒப்பிட்டபோதுதான் குழப்பம் தொடங்கியது. அதில் கறுப்புப் பொடி வெளிப்புறத்திலும், துத்தநாகம் நடுவிலும் இருக்கின்றன. கரிக்குச்சி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பித்தளை ஆணி இருக்கிறது. இந்த வகைக் கட்டையை உருவாக்கியவர் லூயிஸ் அர்ரி என்ற கனடா நாட்டு வேதிப் பொறியாளர் என்றும், துத்தநாகத்தைத் தகடாக வைக்காமல் பொடியாக்கியதே அவருடைய சிறப்பு என்றும் படித்தேன். இரண்டு கட்டைகளிலும் துத்தநாகமும், கறுப்புப் பொடியான மாங்கனீசு டை ஆக்சைடும்தான் இருக்கின்றன என்றால், பொடியாக்கியதனால் மட்டும் இவ்வளவு வேறுபாடு எப்படி வந்தது? உள்ளிருப்பதை வெளியிலும், வெளியிலிருப்பதை உள்ளேயும் மாற்ற வேண்டிய தேவை என்ன? அடுத்த மாதம் சேலத்தில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் இதைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். எனக்கே விளங்காததை அவர்களிடம் எப்படிச் சொல்வது என்ற கவலையில்தான் இங்கு கேட்கிறேன்.

அஸ்தம்பட்டி ஆசிரியர் எழுதியது:

வணக்கம் தம்பி. காப்பித் தோட்டத்துக்காரரான உங்களுக்குப் பொடியின் பெருமையை நான் சொல்ல வேண்டியதே இல்லை. வறுத்த கொட்டையை முழுதாக ஃபில்டரில் போட்டு வெந்நீர் ஊற்றினால் டிகாஷன் இறங்குமா? அதே கொட்டையை அரைத்துப் போட்டால்தான் இறங்குகிறது. கொட்டையின் எடை கூடவில்லை, நீர் படும் பரப்புதான் கூடியிருக்கிறது. கட்டைக்குள்ளும் வேதிவினை துத்தநாகத்தின் மேற்பரப்பில் மட்டுமே நடப்பதால், பரப்பு கூடினால் ஒரே நேரத்தில் வெளிவரக்கூடிய மின்னோட்டமும் கூடும்.

மாணவர்களுக்கு ஒரு சிறு கணக்கைப் போட்டுக் காட்டலாம். துத்தநாகத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.14 கிராம் என்பதால், ஒரு கிராம் துத்தநாகத்தின் கன அளவு ஏறத்தாழ 0.14 கன சென்டிமீட்டர். அதை 0.4 மில்லிமீட்டர் கனமுள்ள குவளைச் சுவராகத் தட்டினால், உட்பக்கமாகக் கிடைக்கும் பரப்பு 3.5 சதுர சென்டிமீட்டர். அதே ஒரு கிராமை 0.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள குருணைகளாக்கினால் 42 சதுர சென்டிமீட்டர் கிடைக்கும், அதாவது 12 மடங்கு. குருணை இன்னும் சிறிதானால் பரப்பு இன்னும் கூடும். ஆனால் மாவாக அரைத்த காப்பித் தூள் ஃபில்டரை அடைத்துக்கொள்வது போல, இங்கும் ஓர் எல்லை இருக்கிறது. பரப்பு கூடக் கூட, கட்டை சும்மா இருக்கும்போதே துத்தநாகம் நீருடன் வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை வெளியிடுவதும் கூடும்.

இனி உள்ளும் புறமும் மாறியதற்கு வருவோம். பழைய கட்டையில் துத்தநாகக் குவளைக்கு இரண்டு வேலைகள் இருந்தன. அதுவே பாத்திரம், அதுவே எரிபொருள். சமைக்கும்போது சட்டியும் சேர்ந்து கரைந்தால் என்ன ஆகுமோ அதுதான் உங்கள் தாத்தாவின் டார்ச்லைட்டுக்குள் நடந்திருக்கிறது. 1880களில் கார்ல் காஸ்னர் உலர் மின்கலத்தை உருவாக்கிய காலத்திலிருந்தே இந்த ஏற்பாடு தொடர்ந்து வந்தது. துத்தநாகம் பொடியாகிவிட்டால் அது பாத்திரமாக இருக்க முடியாது. எனவே வினையில் பங்கெடுக்காத, நிக்கல் பூசிய எஃகுக் குவளை தேவைப்பட்டது. நவச்சாரக் கரைசலுக்குப் பதிலாகக் காஸ்டிக் பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) என்ற காரத்தின் கரைசல் வந்தது. பொடி அடியில் படியாமல், குருணைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருக்கும்படி அதைக் கஞ்சிப் பதத்தில் கூழாக்கினார்கள். அந்தக் கூழிலிருந்து மின்னோட்டத்தை வெளியே கொண்டுவருவதற்காகவே பித்தளை ஆணி நடுவில் நிற்கிறது.

எது வெளியே, எது உள்ளே என்பதற்கும் எளிய கணக்கு உண்டு. மின்கலம் தரக்கூடிய மொத்த மின்னளவை மில்லி ஆம்பியர்-மணியில் சொல்வார்கள். ஒரு கிராம் துத்தநாகம் 820 மில்லி ஆம்பியர்-மணி தரக்கூடியது, ஒரு கிராம் மாங்கனீசு டை ஆக்சைடு 308 மட்டுமே தரும். எனவே மாங்கனீசு டை ஆக்சைடு எடையில் இரண்டரை மடங்குக்கு மேல் தேவைப்படுகிறது, அதற்கேற்ப இடமும் வேண்டும். ஒரு வட்டத்தின் ஆரத்தில் வெளிப் பாதியை மட்டும் ஒதுக்கினாலே, மொத்தப் பரப்பில் முக்கால் பங்கு அந்த வளையத்துக்குள் வந்துவிடும். ஆகவே அதிக இடம் கேட்பதை வளையங்களாக அழுத்தி வெளியே வைத்தால், அது தடிமனாகாமலேயே இடம் பெறும், அகலமான எஃகுச் சுவரை ஒட்டி நிற்பதால் மின்னோட்டமும் எளிதாக வெளியேறும். பொருள் பெரிதா, வடிவம் பெரிதா என்று உங்களுக்கு ஐயம் வந்தால், நான் வடிவத்தின் பக்கமே நிற்பேன்.

இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. இந்தக் கட்டையில் வெளிக்குவளை நேர்மின் முனையாகிவிட்டதல்லவா? ஆனால் ஏற்கெனவே மக்கள் கையில் இருந்த டார்ச்லைட்டுகள் எல்லாம், குமிழ் உள்ள முனை நேர்மின், தட்டையான முனை எதிர்மின் என்ற முறைப்படி செய்யப்பட்டவை. எனவே குவளையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் மூடிய அடிப்புறத்தையே குமிழாக வார்த்து, திறந்த வாயை மூடும் தகட்டை எதிர்மின் முனையாக்கினார்கள். நாம் கட்டையின் தலை என்று நினைப்பது, உண்மையில் குவளையின் அடி.

மேட்டூர் அணைக்கரை எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்ன வேதியியலில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மாணவர்களிடம் “அர்ரி ஒருவரே கண்டுபிடித்தார்” என்று சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். காரக் கரைசலைக் கொண்ட மின்கலங்களில் ஸ்வீடனின் ஜுங்னரும் அமெரிக்காவின் எடிசனும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேலை செய்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சாமுவேல் ரூபன் உருவாக்கிய பாதரச மின்கலத்திலும் துத்தநாகமும் காஸ்டிக் பொட்டாஷும் இருந்தன. அமெரிக்காவில் 1957இல் விண்ணப்பித்து 1960இல் வழங்கப்பட்ட காப்புரிமைகூட கார்ல் கோர்டெஷ், பால் மார்சல், லூயிஸ் அர்ரி ஆகிய மூவர் பெயரிலும் இருக்கிறது. இவர்களில் கோர்டெஷ் ஆஸ்திரியாவிலிருந்து வந்தவர். பின்னாளில் எரிபொருள் மின்கலத்தால் ஓடும் காரைத் தம் கையால் அமைத்து, சாலையில் ஓட்டியவர்.

இருந்தாலும் அர்ரியின் பங்கைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. 1955இல் எவரெடி நிறுவனம் அவரைக் கனடாவிலிருந்து ஒஹையோ மாநிலத்தின் பார்மா ஆய்வகத்துக்கு அனுப்பியது, பழைய துத்தநாக-கரிக் கட்டையின் ஆயுளை நீட்டிப்பதற்காகத்தான். அதை ஒட்டுப்போட்டுக்கொண்டிருப்பதை விடப் புதிதாக ஒன்றைச் செய்வதே மேல் என்ற முடிவுக்கு வந்தவர் அவர். கொடுத்த வேலையை விட்டுவிட்டு வேறொன்றைச் செய்பவனுக்கு மேலதிகாரியிடம் என்ன வரவேற்பு கிடைக்கும் என்பது ஆலையில் வேலை பார்த்த எனக்கு நன்றாகவே தெரியும். அவர் இரண்டு பொம்மைக் கார்களை வாங்கி, ஒன்றில் பழைய கட்டையையும் மற்றொன்றில் தம்முடையதையும் போட்டு, நிறுவனத்தின் சிற்றுண்டிக் கூடத்தில் தரையில் ஓடவிட்டுக் காட்டினார். பழைய கட்டை போட்ட கார் விரைவில் நின்றுவிட்டது, மற்றது கூடத்தின் நெடுக்கும் திரும்பத் திரும்ப ஓடியது. 1959இல் இந்தக் கட்டை விற்பனைக்கு வந்தது. அவர் செய்த முதல் மாதிரிகளில் ஒன்று 1999இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு வழங்கப்பட்டது. அவர் 2004இல் காலமானார்.

கட்டை இருந்த இடத்திலேயே வாயு விடுவதைப் பற்றி ஐயா சொன்னதையும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அதை அடக்குவதற்காகப் பல ஆண்டுகள் துத்தநாகப் பொடியோடு பாதரசத்தைக் கலந்து வந்தார்கள். தூக்கி எறியப்படும் கட்டைகளால் மண்ணும் நீரும் கெடுகின்றன என்பதால், 1990களில் பாதரசத்தை விலக்கி, பொடியின் தூய்மையைக் கூட்டி, இண்டியம், பிஸ்மத் போன்றவற்றை மிகச் சிறு அளவில் சேர்க்கத் தொடங்கினார்கள். பெயர் வெளியே தெரியாத பலரின் உழைப்பு அதில் இருக்கிறது.

நாகலூர்வாசி எழுதியது:

இருவருக்கும் நன்றி. காப்பித் தூள் உவமை எனக்கே ஏன் தோன்றவில்லை என்று வெட்கமாக இருக்கிறது. இன்னும் ஒரு சிறு கேள்வி. தாத்தா மங்கிப்போன கட்டைகளை ஓட்டின் மேல் வெயிலில் காயவைத்து மறுபடியும் பயன்படுத்துவார், வெளிச்சமும் சற்றுக் கூடவே செய்யும். அது வெறும் நம்பிக்கையா, உண்மையா? மேலும், வகுப்பில் அல்கலைன் கட்டை ஒன்றை அறுத்துக் காட்டலாமா?

அஸ்தம்பட்டி ஆசிரியர் எழுதியது:

வெயில் வைத்தியம் பாதி உண்மை. கட்டையிலிருந்து தொடர்ந்து மின்னோட்டம் எடுக்கும்போது கறுப்புப் பொடிக் குருணைகளின் மேற்பரப்பு மட்டும் முதலில் களைத்துவிடுகிறது. ஓய்வு கொடுத்தால் வினையின் விளைபொருள்கள் மெல்ல உள்ளே பரவி, மின்னழுத்தம் ஓரளவு மீள்கிறது. சூடு அந்தப் பரவலையும் கரைசலின் கடத்துதிறனையும் விரைவுபடுத்துகிறது. ஏற்காட்டுக் குளிரில் மங்கிக் கிடந்த கட்டைக்கு இந்த மாற்றம் இன்னும் தெளிவாகத் தெரிந்திருக்கும். ஆனால் புதிதாக ஆற்றல் எதுவும் சேர்வதில்லை, ஏற்கெனவே மெலிந்துபோன குவளை ஓட்டையாகும் நாள்தான் நெருங்கும்.

அல்கலைன் கட்டையை வகுப்பில் அறுக்கவே கூடாது. உள்ளே இருப்பது காஸ்டிக் பொட்டாஷ். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். அல்கலைன் கட்டை ஒழுகாது என்று மாணவர்களிடம் சொல்லிவிடவும் வேண்டாம். வாயு அழுத்தம் மிகுந்தால் அதுவும் ஒழுகும். ஒழுகியது காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெண்ணிறப் பொட்டாசியம் கார்பனேட்டாகப் பூக்கும். டிவி ரிமோட்டுக்குள் நாம் பார்க்கும் உப்பு போன்ற வெள்ளைப் படிவு அதுதான்.

ஐந்துரோடு பேட்டரிக் கடை எழுதியது:

வணக்கம். நான் மின்சார ஸ்கூட்டர் பேட்டரி பேக் பழுது பார்ப்பவன், படித்தது ஐ.டி.ஐ. மட்டுமே. மாணவர்கள் கட்டாயம் லித்தியம் செல்லைப் பற்றிக் கேட்பார்கள் என்பதால் இதை எழுதுகிறேன். 18650 என்பது 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் உயரமும் உள்ள செல். அதற்குள் கொட்டி நிரப்பிய பொடியும் இல்லை, கூழும் இல்லை. பொருள் பூசிய இரண்டு மெல்லிய உலோகத் தாள்களை, நடுவில் பிரிப்புத் தாள் வைத்து, கோரைப்பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். பரப்பைக் கூட்ட அர்ரி குருணையாக்கினார், இங்கே சுருட்டுகிறார்கள்.

இதிலும் ஒரு தலைகீழ் மாற்றம் இருக்கிறது. அல்கலைனில் குவளை நேர்மின் என்றால், லித்தியம் செல்லில் குவளை எதிர்மின். நேர்மின் பக்கத்தின் உயர்ந்த மின்னழுத்தத்தில் எஃகு கரைந்துவிடும் என்பதால், அங்கே அலுமினியத் தாளையும், எதிர்மின் பக்கத்தில் செம்புத் தாளையும் வைக்கிறார்கள். செம்பை விட்டுவிட்டு அங்கேயும் மலிவான அலுமினியத்தையே வைக்கலாமே என்றால், லித்தியம் அலுமினியத்தோடு கலந்து உலோகக் கலவையாகிவிடும். (நம் சேர்வராயன் மலை பாக்சைட்டிலிருந்து மேட்டூரில் அலுமினியம் உருக்கிய காலம் ஒன்று இருந்தது என்பதை மேட்டூர் ஐயா என்னைவிட நன்றாக அறிவார்.) குவளை முழுவதும் எதிர்மின் என்பதால், நேர்மின் மூடிக்கும் குவளை விளிம்புக்கும் இடைவெளி மிகக் குறைவு. மேலுறை கிழிந்த ஒரு செல்லின் விளிம்பில் என் ஸ்க்ரூடிரைவர் பட்டுத் தீப்பொறி பறந்த நாளிலிருந்து, பார்லி பேப்பர் என்ற மின்கடத்தாத தாள் வளையம் ஒட்டாமல் எந்தச் செல்லையும் நான் தொடுவதில்லை.

அண்மைக் கால வடிவமைப்பில் மாணவர்களுக்குச் சொல்லத் தக்கது டேப் இல்லாத செல். சுருட்டிய தாளிலிருந்து மின்னோட்டத்தை வெளியே கொண்டுவரும் சிறிய உலோகப் பட்டையைத்தான் டேப் என்கிறோம். அது ஓரிடத்தில் மட்டும் இருந்தால், தாளின் மறுகோடியிலிருந்து புறப்படும் மின்னோட்டம் நெடுக ஓடி வர வேண்டும், வழியெல்லாம் சூடாகும். 46 மில்லிமீட்டர் விட்டமும் 80 மில்லிமீட்டர் உயரமும் உள்ள 4680 செல்லில் தாள் மிகவும் நீளம் என்பதால் இந்தச் சிக்கல் பெரிதாகிறது. டெஸ்லா 2020இல் அறிவித்த முறையில், தாளின் ஓரம் முழுவதையும் பொருள் பூசாமல் விட்டு, அதைச் சிறு சிறு இதழ்களாக வெட்டி மடித்து, நேரடியாக முனையோடு சேர்த்துவிடுகிறார்கள். அப்போது மின்னோட்டம் கடக்க வேண்டிய தொலைவு தாளின் நீளமாக இல்லாமல், செல்லின் உயரத்துக்குள் அடங்கிவிடுகிறது. பாயின் ஒரு மூலையில் மட்டும் வாசல் வைப்பதற்கும், விளிம்பு முழுவதையும் வாசலாக்குவதற்கும் உள்ள வேறுபாடு இது. வகுப்பில் ஒரு சிறு கோரைப்பாயைச் சுருட்டி விளிம்பைக் காட்டினால் போதும், கத்தியும் அரமும் தேவைப்படாது.

நாகலூர்வாசி எழுதியது:

பாய் வீட்டிலேயே இருக்கிறது, ஃபில்டரும் காப்பிக் கொட்டையும் அதற்கு மேல் இருக்கின்றன. முழுக் கொட்டை போட்ட ஃபில்டர் ஒன்று, தூள் போட்ட ஃபில்டர் ஒன்று என்று இரண்டிலும் ஒரே நேரத்தில் வெந்நீர் ஊற்றிக் காட்டலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். தாத்தாவின் டார்ச்லைட்டைக் கழுவித் துடைத்துப் புதிய அல்கலைன் கட்டைகளைப் போட்டேன். குமிழ் முன்புறம் இருக்கும்படி, அவர் போட்ட அதே வாக்கில்தான் போட்டேன், எரிகிறது.