சொந்தப் படகில் எஞ்சின் ஆயில் மாற்றியபோது கண்டவை: நம்மூர்க்காரர்களின் அனுபவப் பகிர்வு

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

ஆயில் குறைந்துபோன கதைகளைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு நேர்ந்தது அதற்கு நேர்மாறானது என்பதால், ஆண்டு கடந்தும் மனத்தை விட்டு அகலவில்லை. தொண்டியில் இறக்கும் என் ஃபைபர் படகில் 40 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின்) இருக்கிறது. வணிகத்துக்கு அல்ல, விடுமுறை நாள்களில் சீலா மீனுக்குத் தூண்டிலை இழுத்துக்கொண்டு மெதுவாகச் சுற்றி வருவதற்கு மட்டுமே. ஆயில் மாற்றும் முன், அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்துப் பார்த்தபோது, மேல் கோட்டுக்கும் மேலே இரண்டு விரற்கடை அளவுக்கு ஆயில் ஏறியிருந்தது. நான் ஊற்றியது சரியான அளவு. இடையில் ஒரு சொட்டுகூடச் சேர்க்கவில்லை.

உடன் இருந்த மெக்கானிக், "கூட இருந்தா எஞ்சினுக்கு நல்லதுதானே, சார்" என்றார். முகர்ந்து பார்த்தேன், பெட்ரோல் வாடை அடித்தது. பழைய நாளிதழ் ஒன்றின் மேல் ஒரு சொட்டு விட்டு வைத்தேன். நடுவில் கரும்புள்ளி நிற்க, அதைச் சுற்றி வெளிறிய ஈர வளையம் ஒன்று மெல்ல மெல்லப் படர்ந்துகொண்டே போனது. அந்த வளையம் பெட்ரோல். எஞ்சின் போதிய சூடேறாமல் குறைந்த வேகத்திலேயே நெடுநேரம் ஓடும்போது, எரியாத பெட்ரோல் பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து கீழே இறங்கி ஆயிலோடு கலந்துவிடுகிறது. அளவு ஏறுகிறது, ஆனால் ஆயில் நீர்த்துப்போய் பேரிங்குகளைக் காக்கும் வலுவை இழக்கிறது. காரணத்தைத் தேடிப் போனபோதுதான், எஞ்சின் சூடேறும் வரை குளிர்விக்கும் தண்ணீரைத் தடுத்து நிறுத்தி, சுமார் 60 டிகிரியில் திறக்க வேண்டிய தெர்மோஸ்டாட்டையே முன்பு வேலை பார்த்த ஒருவர் கழற்றி எறிந்திருந்தது தெரிந்தது. "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு?" என்பது அவர் அப்போது சொன்ன நியாயமாம்.

பள்ளத்தூர் படகோட்டி எழுதியது:

ரஸ்தா அண்ணன் சொல்வதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. பாக் நீரிணையின் தண்ணீர் வெதுவெதுப்பானது. குளிர்நாட்டு ஏரிகளில் நிகழ்வது இங்கே அதே அளவில் நிகழும் என்று நம்புவது கடினம். எஞ்சின் மேலேயே பொருத்தப்பட்ட பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு கிழிந்திருந்தாலும் பெட்ரோல் நேரே ஆயிலுக்குள்தான் இறங்கும். அதை அவர் பார்த்தாரா என்று எழுதவில்லை.

என் அனுபவம் கியர் ஆயில் பற்றியது. எஞ்சின் ஆயிலை ஒழுங்காக மாற்றுகிறவர்களில் பலர், தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் கீழ்ப்பகுதியில் தனியாக ஓர் ஆயில் இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். படகு இரண்டு நாள் கரையில் நின்ற பிறகு, கட்டுமாவடியில் கீழ் ஸ்குரூவைத் திறந்தேன். ஆயில் வர வேண்டிய இடத்தில் முதலில் வந்தது தெளிந்த தண்ணீர்! தண்ணீர் கனமானதால் அடியில் தங்கி, திறந்தவுடன் முந்திக்கொண்டு வருகிறது. அதற்குப் பின்னால் வந்த ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தது. ஓடி முடித்த கையோடு திறந்திருந்தால், எல்லாம் கலங்கிய நிலையில் அந்த நிறம் மட்டுமே கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

புரொப்பெல்லரைக் கழற்றினேன். அதற்குப் பின்னால், ஷாஃப்டின் கழுத்தில், தங்கூசி நரம்பு (மெல்லிய நைலான் மீன்பிடி இழை) சுற்றிச் சுற்றி இறுகி, தண்ணீர் உள்ளே புகாமல் காக்கும் ஆயில் சீலின் ரப்பர் உதட்டுக்குள் புகுந்து அறுத்திருந்தது. அந்த நரம்பை நகத்தால் நெம்பியபோது ஒரே இழையாக வரவில்லை. துண்டு துண்டாக, உப்பு படிந்து வெள்ளையாக வந்தது. நம் கடலில் அறுந்த வலைக்குப் பஞ்சமில்லை. ஆகவே புரொப்பெல்லரை அவ்வப்போது கழற்றிப் பாருங்கள் என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை.

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

பள்ளத்தூர்த் தம்பிக்கு: டயாஃப்ரம் பிரித்துப் பார்க்கப்பட்டது, முழுமையாக இருந்தது. தண்ணீர் வெதுவெதுப்பானது என்பது உண்மையே. ஆயினும் தெர்மோஸ்டாட் இல்லாதபோது அந்த வெதுவெதுப்பான தண்ணீர் இடைவிடாமல் எஞ்சினுக்குள் பாய்ந்துகொண்டே இருப்பதால், மெதுவாக ஓடும் எஞ்சின் வேண்டிய சூட்டை எட்டுவதே இல்லை. புதிய தெர்மோஸ்டாட் போட்ட பிறகு அளவு ஏறவில்லை.

காரைக்குடிக்காரர் (ஓய்வு பெற்றவர்) எழுதியது:

மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் உலோக அரிப்பு தொடர்பான பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். என் அனுபவம் சிறியது. மண்டபத்தில் என் மருமகனின் படகில் ஆயில் மாற்ற முயன்றபோது, ஆயிலை வடிக்கத் திறக்கும் டிரெயின் ஸ்குரூ கழல மறுத்தது. அவர் நீளமான பைப்பைச் செருகி அழுத்தினார். கிறீச்சென்ற ஓசையோடு ஸ்குரூ சுற்றத் தொடங்கியது. வெளியே வந்தபோது, அதன் புரிகளுக்கிடையே எஞ்சினின் அலுமினியப் புரியும் உரிந்து சுருளாகச் சேர்ந்து வந்தது. அந்தச் சுருள் என் உள்ளங்கையில் கிடந்த காட்சியை என்னால் மறக்க இயலவில்லை. ஏனெனில் அது நடக்கும் என்பதற்கான காரணத்தை வாழ்நாள் முழுதும் படித்தவன் நான்.

துருப்பிடிக்காத எஃகும் அலுமினியமும் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டு நின்றால், அலுமினியம்தான் கரையும். கரைந்து உண்டாகும் வெண்ணிறப் பொடி புரிகளுக்கிடையே இறுகி, இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஸ்குரூவைத் திரும்பப் போடும்போது, புரியில் கடல்நீரைத் தாங்கும் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். பழைய வாஷரை எறிந்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். படகில் துத்தநாக அல்லது அலுமினிய அனோடு என்ற உலோகக் கட்டியைப் பொருத்தியிருப்பது உங்கள் எஞ்சினுக்குப் பதிலாகத் தான் கரைவதற்காகவே. அதன் மேல் பெயின்ட் அடித்து அழகு பார்ப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். பெயின்ட் அடித்த அனோடு வேலை செய்யாது.

அடுத்ததாக, எந்த ஆயில் என்ற கேள்வி. கார் ஆயிலை ஊற்றுகிறவர்கள் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். 10டபிள்யூ-30 என்ற, ஆயிலின் தடிப்பைக் குறிக்கும் எண் ஒன்றாக இருப்பதால் கார் ஆயிலும் படகு ஆயிலும் ஒன்றாகிவிடாது. நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டுக்கு உரிய ஆயில் டப்பாவில் எஃப்சி-டபிள்யூ என்ற குறி இருக்கும். அந்தத் தகுதிக்கான சோதனைகளில் துருவைத் தடுக்கும் திறனும் அடங்கும். இரண்டு ஸ்ட்ரோக்குக்கு உரியது டிசி-டபிள்யூ3. அது பெட்ரோலோடு எரிந்துபோவதற்கானது, எஞ்சினுக்குள் ஆயில் தேங்கும் சம்ப்பில் ஊற்றுவதற்கானது அல்ல. பெரும்பாலான கையேடுகள் புதிய எஞ்சினில் முதல் 20 மணி நேரத்திலும், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒரு முறை அல்லது ஆண்டுக்கு ஒரு முறையும் மாற்றச் சொல்கின்றன. நம்மில் யாரும் ஓர் ஆண்டில் 100 மணி நேரம் ஓட்டுவதில்லை. எனவே ஆண்டுக் கணக்குத்தான் நமக்குப் பொருந்தும்.

மாற்ற வேண்டிய காலமும் முக்கியம். ஐப்பசி மழைக்குப் படகை ஏற்றி வைத்துவிட்டு, தை பிறந்து மறுபடி இறக்கும்போது ஆயில் மாற்றுவது நம்மவர் வழக்கம். அது தலைகீழ். ஓடிய ஆயிலில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கின்றன. அவை மூன்று மாதம் பேரிங்கின் மேல் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஏற்றி வைக்கும் முன் மாற்றி, சிறிது நேரம் ஓடவிட்டுப் புதிய ஆயிலை எல்லா இடத்துக்கும் அனுப்பிவிட்டு நிறுத்துவதே முறை. வீட்டில் ஓடவிடுகிறவர்கள் எஞ்சினின் கீழ்ப்பகுதியைத் தண்ணீர் நிறைந்த டிரம்மில் இறக்குங்கள். உள்ளே தண்ணீரை இழுக்கும் ரப்பர் இம்பெல்லர் தண்ணீரின்றிச் சுழன்றால் நொடிகளில் கருகிவிடும். பக்கவாட்டில் தண்ணீர் பீய்ச்சுவதைக் கண்ணால் கண்ட பிறகே அடுத்த வேலை. ஃபில்டரைப் பூட்டும்போது அதன் ரப்பர் வளையத்தில் புது ஆயிலைத் தடவி, ரப்பர் போய் உட்கார்ந்ததும் கையாலேயே முக்கால் சுற்று இறுக்கினால் போதும். ஸ்பானர் போட்டு இறுக்குவது அடுத்த ஆண்டு கழற்றப் போகிறவருக்குச் செய்யும் அநியாயம்.

கோட்டையூர், இப்போது கிள்ளான் எழுதியது:

ஐயா அவர்களின் அறிவுரை அவுட்போர்டு வைத்திருப்பவர்களுக்குச் சரி. உள்ளே டீசல் எஞ்சின் பொருத்திய படகில் டிரெயின் ஸ்குரூ இருந்தும் பயனில்லை. அடியில் பாத்திரம் வைக்க இடமிராது. எஞ்சினைச் சூடாக்கி, டிப்ஸ்டிக் துளை வழியே மெல்லிய குழாயைச் செருகி, கைப்பம்பால் உறிஞ்சி எடுப்பதே எங்களுக்கு வழி. சூடேறாத ஆயில் அந்தக் குழாயில் ஏறாது. துருப்பிடித்துப்போன ஸ்குரூவைப் பற்றிய கவலை எங்களுக்கு இல்லை என்பதை மரியாதையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்களுக்கு வேறு கவலை இருக்கிறது. ஒரு காலையில் ஸ்டார்ட்டரை அழுத்தினேன். எஞ்சின் "டக்" என்ற ஒரே ஓசையோடு நின்றுவிட்டது. பாட்டரி என்றுதான் எவரும் நினைப்பார்கள். உடனிருந்த மலாய்க்கார நண்பர், மறுபடி அழுத்த வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டுச் சுழற்றியபோது, ஒரு துளையிலிருந்து கடல்நீர் கூரை வரை பீய்ச்சி அடித்து, எங்கள் இருவர் முகத்திலும் வழிந்தது. உதட்டில் உப்புக் கரித்தது. புகையோடு கடல்நீர் கலந்து வெளியேறும் எக்ஸாஸ்ட் எல்போ வெளியே புதுப் பெயின்டோடு பளபளத்தாலும், உள்ளே அரித்து ஓட்டை விழுந்திருந்தது. அந்த வழியாக நீர் திரும்பி சிலிண்டருக்குள் இறங்கியிருக்கிறது. தண்ணீரை அமுக்க முடியாது. மீண்டும் மீண்டும் அழுத்தியிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும்.

ஆயில் வெளுத்திருந்தது. உறிஞ்சினோம், விலை குறைந்த ஆயிலை ஊற்றினோம், சிறிது ஓடவிட்டு மறுபடி உறிஞ்சினோம். வெண்மை முற்றிலும் மறையும் வரை ஃபில்டரோடு சேர்த்து மாற்றிக்கொண்டே இருந்தோம். இதை அன்றைக்கே செய்ய வேண்டும். உப்புநீர் உள்ளே தங்கினால், மறுநாளுக்குள் சிலிண்டர் சுவரில் துரு பிடிக்கத் தொடங்கிவிடும். பள்ளத்தூர்த் தம்பி, கியர் ஆயில் வெளுத்தால் சீலைப் பாருங்கள்; எஞ்சின் ஆயில் வெளுத்தால் எக்ஸாஸ்டையும் ஹெட் கேஸ்கட்டையும் பாருங்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு செலவு செய்தவர்களை இங்கே நிறையப் பார்க்கிறேன்.

பள்ளத்தூர் படகோட்டி எழுதியது:

நான் குழப்பவில்லை. கியர் ஆயில் என்று தெளிவாகத்தான் எழுதியிருக்கிறேன்.

கானாடுகாத்தான் எழுதியது:

எடுத்த ஆயிலை என்ன செய்தீர்கள் என்று இத்தனை பேரில் ஒருவர்கூட எழுதவில்லை. எனக்கு நினைவில் நிற்பது அதுதான்.

படகு என் கணவருடையது என்று ஊரில் சொல்வார்கள். ஆயில் மாற்றுவது நான். எங்கள் வீட்டு வளவில் மாற்றிய பழைய ஆயிலைக் கேனில் ஊற்றி மூடி வைத்திருந்தேன். வீட்டு மரவேலைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆசாரி வந்து, கரையானுக்குக் கழிவு ஆயிலைவிட நல்ல மருந்து கிடையாது என்று கேட்டார். நான் மறுத்தேன். நான் காரைக்குடி போயிருந்த நேரத்தில் எங்கள் அம்மான் அதை எடுத்துக் கொடுத்துவிட்டார். ஊருணிக் கரையை ஒட்டிய மாட்டுக்கொட்டகைத் தூண்களின் அடியில் தாராளமாகப் பூசி, மிஞ்சியதைத் தூண் நட்ட குழியிலேயே கவிழ்த்திருக்கிறார்கள். அன்றிரவு மழை. விடிந்து பார்த்தால், ஊருணிப் படித்துறையின் மூன்றாம் படியிலிருந்து நீரின் மேல் நீலமும் ஊதாவுமாக ஒரு படலம் நகர்ந்துகொண்டிருந்தது. குடம் கொண்டுவந்த பெண் அதைக் கையால் விலக்கிவிட்டு மொண்டு போனார். நான் கூப்பிட்டுத் தடுத்தேன். "எண்ணெய்தானே ஆச்சி, மேலாகத்தானே நிக்குது" என்றார்.

ஓடிய ஆயிலில் தேய்ந்த உலோகத் துகள்களும், எரிந்ததில் உண்டான நச்சுச் சேர்மங்களும் இருக்கின்றன. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி இது அபாயகரக் கழிவு. பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்குத்தான் போய்ச்சேர வேண்டும். தொண்டி பக்கம் மணலில் குழி தோண்டி ஊற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அதற்குச் சற்று வடக்கே, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடற்பகுதியில், 2022இல் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. அந்த விலங்கு மேய்வது ஆழம் குறைந்த கடற்புல்வெளியில். நாம் படகு விடுவதும் அதே ஆழம் குறைந்த நீரில்தான். கட்டுமாவடிக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நான் இப்போது புது ஆயில் வந்த டப்பாவிலேயே பழையதை நிரப்பி, ஃபில்டரைக் கவிழ்த்து ஓர் இரவு வடியவிட்டு அதையும் சேர்த்து, பீப்பாய் கணக்கில் கழிவு ஆயிலைச் சேர்த்து முறையாக அனுப்பும் ஒரு பணிமனையில் கொடுத்துவிடுகிறேன். ஆசாரிக்கு முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் வாங்கித் தந்தேன். மரத்துக்கும் வள்ளத்துக்கும் நம் கடற்கரையில் முன்பிருந்தே பூசி வந்ததுதான். தோலில் பட்டால் வெந்து புண்ணாகும் என்பதால் கையுறையும் சேர்த்துக் கொடுத்தேன். கையுறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்; எண்ணெயைப் பூசிவிட்டு, அடுத்த முறை ஆயில் மாற்றும்போது ஒரு கேன் எடுத்து வைக்கும்படி அம்மானிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.